சேர்த்தது போதும், சாப்பிடு

தினேஸ்,

நீ போனை அணைத்து வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து, உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் நஸீரின் போனுக்கு அனுப்பப் போகிறேன். நீ படிக்க மறுத்தால் உன் காதில் விழும்படி உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பையன்களும் கேட்கட்டும், கீழ்வீட்டுக்காரர்களும் கேட்கட்டும். மூடி மறைத்ததெல்லாம் போதும். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்று நஸீர் பேசினான். "அங்கிள், இவன் இன்னும் மருந்துக் குளிசை போடுறதில்ல. சொன்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான். திரும்ப இருமத் தொடங்கிட்டான். மத்தவங்களும் பயப்படுறாங்க. என்ன செய்யிறதெண்டு எனக்கு வெளங்கல்ல" என்றான். கொத்மலையில் அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு இது தெரிந்தால் மகனை அந்த அறையில் ஒரு நாள் விட்டுவைப்பாளா? ஆனாலும் அவன் உன்னை விட்டுப் போகவில்லை. இதை முதலில் உன் மனதில் போட்டுக்கொண்டு மீதியைக் கேள்.

நீ கொழும்புக்குப் போன முதல் வருடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். புறக்கோட்டைத் துணிக்கடையில் மூட்டை கட்டுகிற வேலை. சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் உன் போன் வந்துவிட்டால் இங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பிராவே கலகலத்துப் போகும். வாரத்துக்கு ஒரு புதுசு என்று நீயே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாய். அதுவரை செய்யாத ஒன்றை ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும், அதற்குக் கடையில் குடிக்கிற பால் விடாத ஒரு சாயத்தண்ணிக்கு மேல் செலவாகக் கூடாது. ஒரு வாரம் கடலில் கால் நனைத்தாய். ஒரு வாரம் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி அது எங்கேதான் போய் நிற்கிறது என்று பார்க்கக் கடைசித் தரிப்பு வரைக்கும் போனாய். அங்கே ஒரு விகாரையும் ஒரு குளமும் இருந்தன என்றும், குளக்கரையில் ஒரு சிங்கள அம்மா உனக்கு விளாம்பழம் கொடுத்தார் என்றும் சொன்னாய். ஒரு வாரம் சந்தை மூடுகிற நேரத்தில் மலிவாகக் கிடைத்த மீனை வாங்கி அறையிலேயே குழம்பு வைத்து, உப்புப் போட மறந்து, ஐந்து பேரும் உப்பில்லாமலே தின்றீர்கள்.

சைக்கிள் பழகிய வாரம்தான் உன் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. "அம்மா, நான் சைக்கிள் ஓட்டுறேன்!" என்று நீ கத்தியது பக்கத்துக் காம்பிராவுக்கும் கேட்டது. "இந்த வயசுலயாடா?" என்று அவள் கேட்டாள். "பின்ன, நம்ம தோட்டத்துல சைக்கிள் விட எங்கம்மா சமதர இருக்கு? ஏத்தத்துல தள்ளணும், எறக்கத்துல சாகணும். இங்க பாருங்க, நாடே தட்டையா கெடக்கு!" அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரொட்டி மாவு கீழே விழுந்துவிட்டது. நானும் அன்றைக்கு நினைத்தேன்: காசில்லாமல் எப்படி வாழ்வது என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், காசில்லாமல் எப்படிச் சந்தோஷமாக இருப்பது என்பதை இந்தப் பையன் எங்கே படித்தான் என்று. அந்தப் பையனைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் எங்கே, தினேஸ்?

அப்புறம் தோட்டத்தில் வீடு கட்ட நிலம் பிரித்தார்கள். நமக்கும் ஏழு பேர்ச் கிடைத்தது. ஒரு சின்ன வீடும் அதைச் சுற்றி நாலு கீரைப் பாத்தியும் போடலாம். நீ லீவு போட்டு வந்து அந்த மண்ணில் நின்றாய். சரிவுக்குக் கீழே மஸ்கெலியா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரிந்தது. "அப்பா, இங்கதான் கதவு. யாரோட செவுரும் நம்ம செவுரோட ஒட்டாது" என்றாய். பக்கத்துக் காம்பிராவில் குழந்தை அழுதால் நம் சுவரும் அழுகிற மாதிரிக் கேட்டே வளர்ந்தவன் நீ. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? உன் ஆசையில் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாரத்தோடு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. "இந்தக் கெழம என்னடா புதுசு?" என்று உன் அம்மா கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா. சீமெந்து என்ன வெல போகுதுன்னு அப்பாவ விசாரிக்கச் சொல்லுங்க" என்பாய். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினாய். சுவர் எழும்பியது. சன்னல் மரம் வந்தது. போன வருடக் கடைசியில் கூரைத் தகரமும் வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. அந்த இனிமை எதிலிருந்து பிழிந்து வந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

தீபாவளிக்கு வந்தாய். சட்டைக் கழுத்துக்குள் உன் கழுத்து ஒரு குச்சி மாதிரி நின்றது. "கொழும்புல சோறு விக்கிறதில்லையா?" என்று அம்மா கேட்டதற்கு, "டயட்டும்மா, அங்க எல்லாரும் இப்படித்தான்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இங்கத்தப் பனி ஒத்துக்கல" என்றாய். இந்தப் பனியில் பிறந்து, இந்தப் பனியில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவனுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

தை பிறந்து கொஞ்ச நாளில் நஸீர் போன் செய்தான். கடையில் மூட்டையைத் தூக்கியபடியே நீ விழுந்துவிட்டாய், துப்பினதில் ரத்தம் இருந்தது என்றான். நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்கு ஓடி ரயில் ஏறினேன். உன் அறைக்கு வந்து சேர்ந்தபோது நீ என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா வந்தீங்க? ரயிலுக்குச் செலவு தானே?" என்பது. நஸீர்தான் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னான். "காலையில சாப்பாடெண்டு கால் றாத்தல் பாணும் சாயத்தண்ணியும், அங்கிள். பகல் சாப்பாட்டுக்குக் கடையில குடுக்கிற காச அவன் எடுத்து வச்சிருவான். ராவைக்கு எங்கட பானையில மிச்சம் இருந்தா சாப்பிடுவான். நாங்க வேணுமெண்டே மிச்சம் வைப்போம். அது தெரிஞ்ச நாள்லேருந்து அதையும் தொடுறதில்ல."

அந்த ஒழுங்கைச் சந்தில் நின்று நான் அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள். சிக்கனம் நமக்குப் புதிதா, மகனே? உன் அம்மா ஒரு தேங்காயை மூன்று நாளைக்கு இழுப்பாள். விறகுக் கட்டையை நடுவில் அணைத்து அடுத்த வேளைக்கு வைப்பாள். பழைய சேலையில் உனக்குப் போர்வை தைத்தாள். ஆனால் எந்தக் கஷ்டத்திலும் பானையில் கை வைத்ததில்லை. பருப்பு இல்லாத நாளில் கீரை, கீரை இல்லாத நாளில் தேங்காய்ச் சம்பல், அதுவும் இல்லையென்றால் யார் வீட்டிலாவது போய்க் கேட்டாவது உனக்குத் தட்டில் போட்டாள். நீ செய்ததற்கு வேறு பெயர். வீட்டுக்குச் செங்கல் போதவில்லை என்று நீ உன் எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கு உன்னைக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள், காசநோய் என்றார்கள். அந்த டாக்டரம்மா சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழைச் சேர்த்து வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "அப்பா, பயம் வேணாம். இது நல்லா சுகம் வரும். ஆறு மாசம் மருந்து. ஒரு நாளும் நிப்பாட்ட வேணாம். மகன் நல்லா சாப்பாடு வேணும்." மருந்து இலவசம் என்றும் சொன்னார். உன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. நான்கு நாள் இருந்து சோறாக்கிப் போட்டேன். புறப்படும்போது, "அம்மாக்கிட்ட நுமோனியான்னு சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினாய். நான் அப்படியே சொன்னேன்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனாய். இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. அதற்குப் பிறகுதான் நஸீரின் அடுத்த போன், நீ மருந்தை நிறுத்திவிட்டாய் என்று. உடனே உன்னைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பேசியது ஒரு சொல் விடாமல் என் காதில் நிற்கிறது.

"நல்லாயிட்டேம்பா. இருமலே இல்ல. கிளினிக்குக்குப் போற நாளெல்லாம் மொதலாளி அரை நாள் சம்பளத்த வெட்டுறாரு."

"வெட்டுனா வெட்டட்டும்டா."

"வெட்டட்டுமா? அந்தக் குளிசைய போட்டா கொமட்டுது, மூட்ட தூக்க முடியல. மழைக்கு முன்ன கூர போட வேணாமா? செவுரு நனஞ்சா எல்லாம் போச்சு."

"கூர கெடக்குது. நீ இருந்தாத்தானே கூர?"

"ஒங்களுக்குக் கெடக்கும். நீங்க லயத்துல பொறந்து லயத்துலயே கெடந்து பழகிட்டீங்க. என்னால முடியாது."

அதோடு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு வலித்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்னும் நூறு தடவை சொல். எதிரே நின்று சொல். சொல்வதற்கு நெஞ்சில் மூச்சு இருந்தால் போதும் எனக்கு.

உன் அத்தையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். என் தங்கச்சி. நீ பிறக்கும் முன்பே போய்விட்டாள். மலையில் அவளைப் போல வேகமாகக் கொழுந்து எடுக்க ஆள் இல்லை. உனக்கு வந்த இதே இருமல்தான் அவளுக்கும் வந்தது. மருந்து கொடுத்தார்கள். அவளும் இரண்டு மூன்று மாதத்தில் தேறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் ஒரு பேர் போகிறது, அதாவது ஒரு நாள் கூலி போகிறது என்று அவளும் கணக்குப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, பாருங்க, கூட நெறையக் கொழுந்து" என்று முதுகுக் கூடையைத் திருப்பிக் காட்டினாள். நிறுத்தின மருந்து திரும்பக் கொடுத்தபோது நோய்க்குக் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தன். அவள் எடையே இல்லை, தினேஸ். பெட்டியின் எடைதான் தோளில் இருந்தது. அந்த எடையை என் தோள் இன்னொரு தடவை தாங்காது. நான் கடவுளிடம் கெஞ்சவில்லை, உன்னிடம்தான் கெஞ்சுகிறேன். குளிசை உன் கையில் இருக்கிறது, கடவுள் கையில் இல்லை.

உன் ஒருவனின் உயிர் மட்டும் என்றால் கூட நீ பிடிவாதம் பிடிக்கலாம். அந்த அறையில் ஐந்து பேர் ஒரே காற்றை இழுக்கிறீர்கள். நஸீர் உனக்குச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவன். அவனுக்கு இதைக் கொடுத்துவிட்டு நீ கட்டுகிற வீட்டில் யார் நிம்மதியாகப் படுப்பது?

முந்தாநாள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூடக் கழற்றாமல் நின்ற உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலறுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? தீவாளிக்கு வந்தப்பவே அந்த இருமல் எனக்குத் தெரியும். ஒங்க தங்கச்சி என் மடியிலதானே படுத்து இருமுனா."

"பின்ன ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க நுமோனியான்னு சொன்னீங்க. நுமோனியாவா இருக்கட்டும், இருக்கட்டும்னு நானும் கும்புட்டுக்கிட்டே இருந்தேன்." எரிந்த விறகை வெளியே இழுத்து அணைத்தாள். பிறகு, "தகரத்த வித்துருங்க" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அவன் சாகுறது அந்தத் தகரத்துக்குத்தானே? அது அங்க இருக்குற வரைக்கும் அவன் வாயில சோறு எறங்காது. வித்துருங்க" என்றாள். உனக்காக நான் வாதாடினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை வயிற்றைக் கட்டி வாங்கினது, ஒரு தடவை அவனிடம் கேட்டுவிட்டு என்றேன். "கேக்க அவன் போன எடுக்கணுமே" என்றாள்.

நேற்றுக் காலை லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போனோம். வாங்கின அதே கடை. கடைக்கார முஸ்லிம் நானா கையை விரித்தார். "வித்த சாமான் திருப்பி எடுக்கிற வழக்கம் நம்மக்கிட்ட இல்ல, தங்கச்சி."

"அப்ப எடுக்கிற வரைக்கும் நான் இங்கனயே ஒக்காந்திருக்கேன், நானா" என்று உன் அம்மா கடை வாசலில், ஆணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் அவர் வெளியே வந்து, "எனத்துக்கு இப்பிடி? என்ன நடந்த?" என்று கேட்டார். அவள் சொன்னாள். மறைக்காமல், நோயின் பெயரோடு சொன்னாள். அவர் தகரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஓரம் மடங்கினதை எடுக்க ஏலாது என்று ஒதுக்கினார், மற்றதற்குக் காசைக் கொடுத்தார். வியாபாரிதானே, நட்டத்துக்குச் செய்யவில்லை. ஆனால் நியாயமாகச் செய்தார். மடங்கினதைக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

ஆக, கூரை இல்லை. மழை வரும், சுவர் நனையும், நனையட்டும். நீ கோபப்படு, கத்து, எங்களை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் இனிமேல் நீ பட்டினி கிடப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. அந்தக் காசை நம்பி நஸீர் நேற்றே உங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை பார்த்துக் கொடுத்திருக்கிறான். சன்னல் இருக்கிறதாம், வெயில் விழுமாம். உன் அம்மா உன்னோடு அங்கே இருப்பாள், மருந்து முடிகிற வரைக்கும். மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. அவள் அதற்காக நிற்கவும் இல்லை. நான் இங்கே இருந்து தொழிற்சாலை வேலையைப் பிடித்துக்கொள்கிறேன், இந்த லயத்துக் காம்பிராவாவது நமக்கு இருக்க வேண்டுமே.

நீ திரும்பவும் உன் பழைய சட்டப்படி வாழ வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. காசு செலவழி என்று நான் சொல்லவில்லை. இருபத்து நாலு வயதில் கையில் இல்லாததை நினைத்து வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருப்பதில் வாழ உனக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். இந்த வாரத்துக்கு ஒரு புதுசு நான் சொல்கிறேன்: பசிக்கும்போது சாப்பிட்டுப் பார். நீ அதைச் செய்து எவ்வளவு காலமாகிறது! அடுத்த வாரம் உனக்காக யாராவது மிச்சம் வைத்தால் வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடு. அதற்கடுத்த வாரம் நீயே ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லு, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உடம்பு தேறினால் வீடு கட்டலாம், கட்டாமலும் விடலாம். நாங்கள் லயத்தில் செத்தால் அது இந்த மலையில் யாரும் காணாத காரியம் இல்லை. நீ எங்களுக்கு முன்னால் போனால் அதை நாங்கள் எங்கே வைத்துக்கொண்டு இருப்போம்?

இன்னும் ஒன்று. இன்று காலை ஹட்டனில் உன் அம்மாவை ரயில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பொழுது சாய்கிற நேரம் அவள் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவாள். இந்த மலைகளைத் தாண்டி அவள் இதுவரை போனதில்லை. ரயில் அசைந்தபோது சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிங்களத்தில் அவளுக்குத் தெரிந்தது கடையில் பேரம் பேசுகிற நாலு சொல். நம்மிடம் இருக்கிற ஒரே போன் என் கையில் இருக்கிறது, அவளிடம் இல்லை. உன் அறை எங்கே இருக்கிறது என்று நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை; கொடுக்காதீங்க என்று அவளே சொல்லிவிட்டாள். உனக்குப் பதிலாகப் போக வேண்டாம் என்று நஸீரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

"அவன் வருவான். வர்ற வரைக்கும் நான் அங்கயே நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். மஞ்சள் சேலை கட்டியிருக்கிறாள், கையில் ஒரு சாக்குப் பை. கூட்டம் அவளை இடித்துத் தள்ளும், யார் எங்கே போகிறாய் என்று கேட்டாலும் அவளுக்குப் பதில் தெரியாது. எழுந்திரு, மகனே. முகத்தைக் கழுவிச் சட்டையைப் போடு. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போ. அம்மா நிற்கிறாள்.

அப்பா